ரீச்சருக்கு நான் பார்த்த நாள்

ரீச்சர்,

நேற்றுச் சுன்னாகச் சந்தைக்கு வெங்காயம் வாங்கப் போனவன், வெங்காயத்தை மறந்துவிட்டு இரண்டு பஞ்சாங்கத்தோடு வீட்டுக்கு வந்து நின்றேன். ஒன்று வாக்கியம், மற்றது திருக்கணிதம். கடைக்காரர் இரண்டையும் பையில் போட்டபடி, "என்ன அண்ணை, ரண்டு வீட்டுக்கோ?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற சனம் சிரித்தது. நானும் சிரித்தேன். சைக்கிளில் ஏறிச் சந்தி தாண்டின பிறகுதான் முகம் சுட்டது.

இப்போது மேசையில் இரண்டையும் விரித்து வைத்திருக்கிறேன். மலிந்த தாளும் புது மையும் சேர்ந்த அந்த மணம் அறை முழுக்க நிற்கிறது. உங்களுக்கு அது பிடிக்காது. "உதை லாப்புக்குள்ளை விரியாதேங்கோ அண்ணை, அமோனியாவே பரவாயில்லை" என்பீர்கள். அந்த மணத்தோடு நீங்களும் வந்து, மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறது. அதனால்தான் இதை எழுதத் தொடங்கினேன். உங்கள் அக்கா என்னை ஒரு நாள் பார்த்துத் தரச் சொல்லியிருக்கிறா. மயிலிட்டிப் புதுவீட்டில் பால் காய்ச்சிக் குடிபூரல் வைக்க. அந்த நாளைக் கையில் கொடுக்க முன்னம் அவவிடம் நான் ஒன்று சொல்லவேண்டும். நீங்கள் போன நாளில் இருந்து அதைச் சொல்ல வாய் வராமல் திரிகிறேன். முதலில் உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன். உங்களுக்கு எல்லாம் தெரியும் என்பதால் இது கொஞ்சம் லேசு.

என் உத்தியோகம் உங்கள் ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவுவது. ஓ.எல். சோதினையில் கணக்கு என்னைக் கைவிட்டது, அல்லது நான் அதைக் கைவிட்டேன். யார் முந்தியது என்று இன்னும் தெளிவில்லை. தண்ணீரைத் தொடலாம், மற்றதொன்றையும் தொடக்கூடாது என்பதுதான் எனக்குத் தெரிந்த இரசாயனம். ஆனால் பள்ளிக்கூடத்தில் எனக்குச் சம்பளம் இல்லாத இன்னொரு உத்தியோகமும் இருந்தது. நாள் பார்ப்பது. கலியாணத்துக்குக் கூறை எடுக்க, காணி எழுத, இடமாற்றத்துக்கு விண்ணப்பிக்க, கண்புரை வெட்ட, எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வருவார்கள். புதுக் கேற் பூட்டப் பள்ளிக்கூட அதிபரே என்னிடம்தான் நேரம் கேட்டார். சேர்ட்டுக்கு மேலால் சால்வை போடாத குறை.

நான் திருக்கணிதம். பள்ளிக்கூடக் கந்தோரில் எழுத்து வேலை பார்த்த கிளாக்கர் வாக்கியம். வருசப்பிறப்பு எத்தனை மணிக்கு என்பதில் தொடங்கி ஒவ்வொரு விரதத்துக்கும் நாங்கள் இருவரும் பிடித்த சண்டை பள்ளிக்கூடம் முழுக்கப் பிரசித்தம். நீங்கள் சிவப்புப் பேனையோடு கொப்பி திருத்திக்கொண்டே, தலை நிமிராமல், "ரண்டு பேரும் ஒருக்கால் வெளியிலை போய் வானத்தை அண்ணாந்து பாத்தால் என்ன?" என்பீர்கள். அத்தோடு சண்டை நின்றுவிடும்.

கொரோனாவின் அந்த முதல் ஊரடங்கை நீக்கிப் பள்ளிக்கூடம் திரும்பத் திறந்த நாட்கள் நினைவிருக்கிறதா? கேற்றடியில் புதுக் குழாயும் சவர்க்காரமும். வகுப்பில் கதிரைகள் ஒன்றோடொன்று கோபித்த மாதிரித் தள்ளித் தள்ளி. நீங்கள் மாஸ்க்குக்குள் மூச்சு வாங்கிக்கொண்டு ஆய்வுகூட அலுமாரியில் தூசி துடைத்தபடி நின்றீர்கள். நான் கழுவிக்கொண்டிருந்தேன்.

"அண்ணை, நான் ஓய்வுக்கு எழுதிக் குடுக்கப்போறன்."

கையில் இருந்த கண்ணாடிக் குவளை வழுக்கிச் சிங்குக்குள் விழுந்தது. உடையவில்லை.

"என்ன ரீச்சர் திடீரெண்டு? அறுபதுக்கு இன்னும் கிடக்குத்தானே."

"அம்பத்தைஞ்சிலை போகலாம் எண்டு சட்டம் இருக்கு. கரும்பலகைக்கு முன்னாலை நிண்டு படிப்பிச்சவள் நான். உந்தப் போனுக்குப் படிப்பிக்க எனக்கு வராது. சீனி வருத்தமும் கிடக்கு. நான் நோயைக் கொண்டுவந்திடுவன் எண்டு அக்கா ஒவ்வொரு நாளும் படலையிலை நிண்டு சண்டை பிடிக்கிறா."

அதெல்லாம் சொல்லிவிட்டு, துடைத்த போத்தலைத் திரும்பவும் துடைத்துக்கொண்டு, உண்மையான காரணத்தைச் சொன்னீர்கள்.

"மயிலிட்டிக் காணியையும் ஆமி விட்டாச்சு அண்ணை. பணிக்கொடைக் காசு வந்தால் ரண்டு அறையும் ஒரு குசினியும் எழுப்பிப்போடுவன். எவ்வளவு காலம் ஆற்றையோ வீட்டிலை ஆணி அடிக்கவும் கேட்டுக் கேட்டு இருக்கிறது?"

நீங்கள் இளம் ரீச்சராக, சண்டைக்குள் ஒரு பையோடு அந்த ஊரைவிட்டு வெளிக்கிட்டது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு எத்தனையோ வாடகை வீடுகள். காணி விட்ட முதல் கிழமை நானும் கத்தியோடு பற்றை வெட்ட வந்தேன்தானே. கிணறும், கூரை இல்லாத இரண்டு சுவரும் மட்டும் மிச்சம் இருந்தன. அன்றைக்கு நீங்கள் அழுவீர்கள் என்று நினைத்து நான் ஒரு பகிடியைத் தயாராக வைத்திருந்தேன். நீங்கள் அழவில்லை. கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி கிடக்கு" என்று மட்டும் சொன்னீர்கள்.

"எழுதிக் குடுக்க நல்ல நாள் பாக்கவேணுமாம் அக்காவுக்கு," என்றீர்கள். "எனக்கு உதிலை நம்பிக்கை இல்லையெண்டு உங்களுக்குத் தெரியும். அவவுக்காக ஒரு நாள் சொல்லுங்கோ. ஐயரிட்டைக் கேட்டதெண்டு நான் சொல்லிவிடுறன். லாப்பிலை போத்தல் கழுவுற ஆள் சொன்னதெண்டால் அக்கா ஏற்கமாட்டா."

"ஐயர் எண்டால் தட்சணை வைக்கவேணும் ரீச்சர்."

"முதலிலை நாளைச் சொல்லுங்கோ, ஐயரே."

விருச்சிக ராசி. உங்கள் ஏழரைச் சனி என் பஞ்சாங்கத்தின்படி தை மாதத்திலேயே, அந்த நோய் இந்த நாட்டுக்கு வர முன்னமே, போய்விட்டது. விரலால்கூட எண்ணத் தேவையில்லை. "வாற புதன்கிழமை குடுங்கோ ரீச்சர்" என்று சொல்லவேண்டியதுதான் என் வேலை.

ஆனால் என் சின்ன மகள் முந்தின வருசம்தான், பல்கலைக்கழகம் போக எழுதுகிற ஏ.எல். படிப்பைத் தொடங்கியிருந்தாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் இரசாயனத்துக்கு நீங்கள் ஒருவர். ரியூசன் கொட்டில்கள் எல்லாம் பூட்டு. உங்களுக்குப் பதிலாக ஆளை அனுப்ப வலயக் கல்விக் கந்தோர் எத்தனை மாதம் எடுக்கும் என்று எனக்குத் தெரியும். கணித ரீச்சர் போனபோது அந்தக் கதிரையில் குருவி கூடு கட்டும் மட்டும் ஆள் வரவில்லை. சின்னவள் டொக்டராக வேண்டும். ஆசைப்பட்டது அவள் இல்லை, நான்தான். ஓ.எல்.லோடு நின்ற தகப்பன்மாருக்கு வருகிற வருத்தம் அது.

"பொறுங்கோ ரீச்சர், வடிவாப் பாத்துச் சொல்லுறன்" என்றுவிட்டுக் கந்தோருக்குப் போனேன். கிளாக்கர் வெளியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றார். அவருடைய வாக்கியத்தை எடுத்து விரித்தேன். நான் சீவியத்தில் நம்பாத அந்தப் பஞ்சாங்கத்தில், சனி மார்கழி வரைக்கும் விருச்சிகக்காரரை விடவில்லை. அடித்தது யோகம் என்று நினைத்தேன்.

திரும்பி வந்து முகத்தைக் கறுப்பாக வைத்துக்கொண்டு சொன்னேன்: "ஏழரையின்ரை கடைசிக் கூறு ரீச்சர். மார்கழி கழியட்டும். இப்ப எழுதிக் குடுத்தால் காசும் இழுபடும், கட்டுற வீடும் இழுபடும்."

"அப்ப நிக்கச் சொல்லுறியள்."

"நான் சொல்லேல்லை. சனீஸ்வரன் சொல்லுறார்."

நீங்கள் துடைத்த போத்தலை அலுமாரியில் வைத்தீர்கள்.

என் கெட்டித்தனம் ஒரு கிழமைகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. இடைவேளை. ஆசிரியர் அறையில் எல்லாரும் மாஸ்க்கை நாடிக்கு இறக்கிவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் தட்டோடு நின்றேன். நீங்கள் மெதுவாகக் கேட்டீர்கள்:

"அண்ணை, இந்த முறை உங்கடை வீட்டிலை வருசம் எப்ப பிறந்தது?"

நான் நெஞ்சை நிமிர்த்தி என் பஞ்சாங்கத்தின் நேரத்தைச் சொன்னேன். கிளாக்கருக்குப் பொறுக்கவில்லை. "உவருக்கு என்ன தெரியும்? கோயில்லை பூசை நடந்தது என்ரை நேரத்துக்கு" என்று கத்தினார். வழக்கம் போல இருவரும் பிடித்துக்கொண்டோம். எங்களை நன்றாகச் சண்டை பிடிக்க விட்டுவிட்டு, நீங்கள் கோப்பையை மேசையில் வைத்தீர்கள்.

"அப்ப என்ரை சனி மட்டும் ஏன் கிளாக்கரின்ரை பஞ்சாங்கத்திலை நிக்கிறார்?"

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். பிறகு கிளாக்கர்தான், "எட, அதுதான் என்ரை பஞ்சாங்கம் இடம் மாறிக் கிடந்தது! களவாப் பாத்த ஆள் இவர்!" என்று குதித்தார். சிரிப்பு வெடித்தது. விளையாட்டு ரீச்சருக்குத் தேத்தண்ணி மூக்கால் வந்தது. நீங்கள் கன்னக் கொடுப்புக்குள் சிரித்தபடி, "சனீஸ்வரனுக்கு ஏ.எல். படிக்கிற பிள்ளை இருக்கெண்டு எனக்குத் தெரியாமல் போச்சு" என்றீர்கள்.

அன்றிலிருந்து எனக்குப் பெயர் 'ரெட்டைப் பஞ்சாங்கம்'. எல்லாரிலும் பெரிதாகச் சிரித்தவன் நான்தான். நான் அப்படித்தான் ரீச்சர். என்னை யாரும் அடிக்க முன்னம் நானே என்னை அடித்துச் சிரித்துவிடுவேன். பிறகு ஒருவருக்கும் கை ஓங்க மனம் வராது. அதை நகைச்சுவை என்று ஊர் சொல்லும். ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

குட்டு உடைந்துவிட்டது, இனி எழுதிக் கொடுப்பீர்கள் என்றுதான் நினைத்தேன். நீங்கள் எழுதவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை. இரண்டு நாள் கழித்து, குழாயடியில் நின்ற என்னிடம், "மகளுக்கு எது விளங்கேல்லையாம்?" என்று கேட்டீர்கள்.

"சேதன இரசாயனமாம் ரீச்சர்."

"சனிக்கிழமையிலை வரச் சொல்லுங்கோ. எங்கடை வீட்டு முத்தத்திலை தள்ளி இருத்திச் சொல்லிக் குடுக்கிறன். சனிக்கும் எனக்கும் இனி நல்ல பழக்கம்தானே."

சிரித்தேன். வேறு என்ன செய்வது?

பிறகு பள்ளிக்கூடத்தைத் திரும்பப் பூட்டினார்கள். போனுக்குப் படிப்பிக்க வராது என்ற நீங்கள் போனுக்குப் படிப்பித்தீர்கள். போன் பிடித்தவன் நான். அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு நிறம் போகிற பரிசோதனையை ஆய்வுகூடத்தில் வைத்துப் படம் எடுத்தோமே, நினைவிருக்கிறதா? மூன்று தரம் எடுத்து, முடிந்ததென்று எல்லாப் பிள்ளைகளுக்கும் அனுப்பிவிட்டோம். பின்னேரம் நீங்கள் எனக்குப் போன் எடுத்தீர்கள். சிரிப்பில் உங்களால் கதைக்க முடியவில்லை.

"அண்ணை, படம் முழுக்க உங்கடை பெருவிரல். நிறம் மாறினது எதெண்டு கேட்டதுக்கு, 'அண்ணையின்ரை நகம்' எண்டு எழுதியிருக்கினம்."

போன் இல்லாத வீடுகளுக்கு நீங்கள் கையால் எழுதின வினாத்தாளைப் பிரதி எடுத்து நான் சைக்கிளில் கொண்டுபோனேன். மயிலிட்டிக் கடற்கரை வீடுகள் வரைக்கும் போவேன். போகிற வழியில் உங்கள் காணியை எட்டிப் பார்ப்பேன். வெட்டின பற்றை திரும்பவும் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. அதை உங்களுக்குச் சொல்லவில்லை. சொன்னால் வீட்டு ஆசை கிளம்பும், ஓய்வுக் கதை திரும்ப வரும் என்று எனக்குப் பயம்.

மார்கழி வந்தது. இரண்டு பஞ்சாங்கமும் முதல் தடவையாக ஒத்துக்கொண்டன: சனி போய்விட்டார். நீங்கள் வந்து, "இப்ப என்ன சொல்லுறார் உங்கடை ஆள்?" என்று கேட்பீர்கள் என்று எதிர்பார்த்து ஒளியத் தொடங்கினேன். ஆய்வுகூடத்தை விட்டுவிட்டுக் கூரைப் பீலிக்குள் சருகு அள்ளினேன். வாழைக்குப் பாத்தி கட்டினேன். ஒரு நாள் நீங்கள் தேடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டு, கந்தோருக்குப் போன் எடுத்து, காய்ச்சல், வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அந்த நாட்களில் காய்ச்சல் என்று பொய் சொல்லக்கூடியவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மத்தியானத்துக்கு முன்னம் சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ., வந்துவிட்டார். மூக்குக்குள் குச்சி விட்டார்கள். எங்கள் படலையில் 'தனிமைப்படுத்தப்பட்ட வீடு' என்று கடதாசி ஒட்டினார்கள். மனைவி என்னைப் பார்த்த பார்வையை எந்த நோயோடும் ஒப்பிட முடியாது. "இல்லாத காய்ச்சலுக்கு நான் என்னத்தை அவிச்சுத் தாறது?" என்றா. மல்லியை அவித்துத்தான் தந்தா. தண்டனையாக.

அடுத்த நாள் நீங்கள் படலையடிக்கு வந்தீர்கள். சின்னவளின் வினாத்தாளையும் ஒரு பை தோடம்பழத்தையும் மதிலில் வைத்துவிட்டு, வீதியில் நின்று கூப்பிட்டீர்கள். நான் விறாந்தையில் நின்றேன், காய்ச்சல்காரன் மாதிரிப் போர்த்துக்கொண்டு.

"அண்ணை, சனி விட்டிட்டுப் போட்டாரோ?"

"போட்டார் ரீச்சர்."

"அப்ப உங்கடை படலையிலை ஒட்டியிருக்கிறது ஆரை?"

வீட்டுக்குள் மனைவி சிரித்தது வீதிக்குக் கேட்டிருக்கும். நீங்கள் சிரிக்கவில்லை. சைக்கிளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, மதிலில் சரிந்த பையை நிமிர்த்தி வைத்தீர்கள்.

"பயப்பிடாதேங்கோ. நான் இப்ப எழுதிக் குடுக்கேல்லை. பிள்ளையளின்ரை சோதினை முடியட்டும். பேந்து போவம்."

போர்வைக்குள் நின்றுகொண்டு நான் சிரித்தேன் ரீச்சர். பகிடிக்குச் சிரித்த சிரிப்பு இல்லை. நிம்மதி. மாஸ்க் போட்டிருந்தபடியால் தப்பினேன். நீங்கள் சீனி வருத்தத்தோடு, வெயிலுக்குள், என் பொய்க் காய்ச்சலுக்குத் தோடம்பழம் கொண்டுவந்து நிற்கிறீர்கள்; நான் உள்ளே நின்று பல்லைக் காட்டுகிறேன். என் குணத்தில் எனக்கு ஞாபகம் வைத்திருக்க விருப்பமில்லாத படம் ஒன்று உண்டென்றால் அதுதான்.

அந்தச் சோதினையும் லேசில் முடிந்ததா? தள்ளிப்போனது, திரும்பவும் தள்ளிப்போனது. பிள்ளைகள் படித்ததை மறந்து, திரும்பப் படித்து, திரும்ப மறந்தார்கள். கடைசியில் ஒருவாறு எழுதி முடித்தார்கள். முடிந்த கிழமையே நீங்கள் எழுதிக் கொடுத்தீர்கள். என்னிடம் நாள் கேட்கவில்லை. உங்கள் பிரியாவிடைக்குத் தள்ளித் தள்ளிக் கதிரை போட்டவன் நான்தான். மாலையை ஆள் கிட்டப் போகாமல் தட்டில் வைத்து நீட்டினார்கள். எடுத்து நீங்களே கழுத்தில் போட்டுக்கொண்டு, "என்னை நானே வரவேற்கிறன்" என்றீர்கள். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

பணிக்கொடைக் காசு கைக்கு வந்த நேரம் நாடே கவிழ்ந்துபோய்க் கிடந்தது. பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை. சீமெந்து கடையில் இல்லை. இருந்தால் கேட்கிற விலைக்கு, வீட்டுக்கு ஒதுக்கின காசில் கோழிக்கூடு கட்டத்தான் காணும். என்றாலும் தொடங்கினீர்கள். அத்திவாரம் வந்தது. சுவர் எழும்பியது. வாசல் நிலை வைக்க மட்டும் என்னிடம் நாள் கேட்டீர்கள்.

"ரண்டிலையும் பாருங்கோ அண்ணை. எனக்கு இனி ஒரு பஞ்சாங்கம் காணாது."

இரண்டிலும் பார்த்தேன். நிலை வைத்தோம். சந்தனமும் குங்குமமும் வைத்தீர்கள். சுவர் ஜன்னலுக்கு மேல் மட்டத்துக்கு வந்ததோடு வேலை நின்றது. மேசன் கையைக் கழுவிவிட்டு, "சீமெந்து வந்தால் சொல்லுங்கோ ரீச்சர், ஓடி வாறன்" என்று சைக்கிளை எடுத்தார். நீங்களும் நானும் கூரை இல்லாத அறைக்குள் நின்றோம். கடற்காற்று எல்லாப் பக்கத்தாலும் வந்தது. அந்த முதல் ஊரடங்குக்குப் பிறகு எழுதிக் கொடுத்திருந்தால் அதே காசில் கூரை போட்டு, வெள்ளை அடித்து, படலைக்குப் பெயின்ரும் பூசியிருக்கலாம். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று நின்றேன். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நீங்கள் மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு, "வீடு இழுபடும் எண்டு சனீஸ்வரன் அப்பவே சொன்னவர் என்ன?" என்றீர்கள்.

நான் சிரித்தேன். நீங்கள் பகிடி விட்டால் சிரிப்பது என் பழக்கம். வாயைப் பொத்தியிருக்கலாம்.

சின்னவளின் பெறுபேறும் அந்த நாட்களில்தான் வந்தது. இரசாயனத்துக்கு ஒரு 'சி'. மற்றப் பாடங்களைச் சொல்லி உங்களுக்கு நோவு தர விரும்பவில்லை. அவள் இப்போது கணக்கியல் படிக்கிறாள். விருப்பத்தோடு படிக்கிறாள், முதலிலேயே அதைத்தான் கேட்டவளாம், நான்தான் காதில் போடவில்லையாம். உங்களிடம் சொல்ல வந்தபோது அவள் அழுதாள். "என்னத்துக்கு அழுறாய்? கணக்குப் பிழைச்சால் கண் எரியாது" என்றீர்கள். உங்களுடைய சனிக்கிழமைகளில் அவளிடம் மிஞ்சினது ஒன்றுதான்: கழுவின கிளாசை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் வார்ப்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிவிடுவேன்.

நீங்கள் போனது நித்திரையில். மாரடைப்பு என்றார்கள். நோயில் தப்பி, வரிசைகளில் தப்பி, ஒரு சாதாரண விடிகாலையில், அதே வாடகை வீட்டில்.

கீரிமலையில் உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த அன்று, அக்கா ஓட்டோக்காரரிடம், மயிலிட்டியால் ஒருக்கால் போய்விட்டுப் போவோம் என்றா. துணைக்கு நானும் போனேன். அவ ஈரச் சீலையோடு நிலைக்கு முன்னால் நின்று பார்த்தா. அதில் காய்ந்துபோயிருந்த சந்தனத்தை விரலால் தொட்டா. பிறகு என் பக்கம் திரும்பினா.

"தம்பி, உவள் முதல் ஓய்வெடுக்கிறன் எண்ட நேரம் எடுத்திருந்தால் உதுக்குக் கூரையும் போட்டு ஒரு நாளெண்டாலும் படுத்திருப்பாள். ஆரோ ஒரு ஐயர் சனி பாத்துச் சொன்னவராம், மார்கழி மட்டும் பொறுக்கட்டாம். அதோடை இழுபட்டதுதான். அந்த ஐயர் நல்லாயிருப்பாரோ?"

அந்த ஐயர் யார் என்று அக்காவுக்குத் தெரியாது. நீங்கள் சொல்லவில்லை. குட்டு உடைந்த பிறகும், வீடு நின்ற பிறகும், கோபம் வந்த நாட்களில்கூட அக்காவிடம் என் பெயரைச் சொல்லவில்லை. ஐயரோடு ஐயராக என்னை விட்டுவிட்டீர்கள்.

அந்த இடத்தில் மனிசன் என்றால் என்ன செய்திருக்கவேண்டும்? "அக்கா, அது நான்தான்" என்றிருக்கவேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா ரீச்சர்?

"உப்பிடியும் ஐயர்மார் இருக்கினம் அக்கா. வாயிலை வந்ததைச் சொல்லுறது" என்றேன்.

அக்காவோடு சேர்ந்து ஐயரைத் திட்டினேன். ஓட்டோக்காரரும் தனக்குத் தெரிந்த ஒரு ஐயரைத் திட்டினார். மூன்று பேரும் திட்டிக்கொண்டே சுன்னாகம் வரைக்கும் வந்தோம். இறங்கும்போது அக்கா, "நீர் நல்ல மனிசன் தம்பி, தங்கச்சிக்குக் கடைசி மட்டும் உதவியா இருந்தீர்" என்று கையைப் பிடித்தா. இதை வைத்து ஒரு பகிடி செய்ய எத்தனையோ தரம் முயன்று பார்த்துவிட்டேன். வரவில்லை. என்னால் சிரித்து ஒளிய முடியாத இடம் உலகத்தில் இது ஒன்றுதான்.

இப்போது அக்கா அந்த வீட்டை முடிக்கிறா. உங்கள் அண்ணன் மகன் வெளிநாட்டில் இருந்து உதவுகிறாராம். கூரைக்கு ஓடு வேண்டாம், அஸ்பெஸ்டஸ் சீற் போட்டால் காணும் என்று மேசனைப் பிடித்துவிட்டா. போன கிழமை எனக்குப் போன் எடுத்தா.

"தம்பி, குடிபூரலுக்கு ஒரு நாள் வேணும். நீர்தான் விசாரிச்சுக்கொண்டு வாரும். ஆனால் அந்த ஐயரிட்டை மட்டும் போகாதையும்."

"இல்லை அக்கா, போகமாட்டன்" என்றேன்.

அதுதான் இரண்டு பஞ்சாங்கம். நேற்று வெங்காயம் இல்லாத கறியைச் சாப்பிட்டுவிட்டு இருந்து பார்த்தேன். இரண்டும் ஒத்துவருகிற நாள் ஆவணியில் ஒன்று இருக்கிறது. நட்சத்திரம், திதி எல்லாம் சரி. கிளாக்கர் பக்கத்தில் இருந்திருந்தாலும் வாய் திறக்கமாட்டார். ஒரு துண்டில் எழுதிச் சேர்ட்டுப் பையில் வைத்திருக்கிறேன்.

கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். கொடுக்க முன்னம் அந்த ஐயர் யார் என்று சொல்லவேண்டும். சொன்ன பிறகு அக்கா அந்தத் துண்டை வாங்குவாவோ, முகத்தில் எறிவாவோ தெரியாது. எறிந்தால் வேறு ஆளிடம் வேறு நாள் கேட்கட்டும். வீட்டுக்குக் கூரை வந்தால் சரி. எனக்குப் பயம் எறிவதற்கு இல்லை. உங்களை மாதிரி அவவும் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடுவாவோ என்றுதான்.

இவ்வளவும் எழுதிவிட்டு, சற்று முன்னம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாளைக் காலை அக்காவிடம் போய் உண்மையைச் சொல்ல நேரம் நல்லதா என்று பஞ்சாங்கத்தைப் பிரட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றில் நல்லது என்று கிடந்தது. மற்றதில் ஒரு கிழமை பொறுக்கலாம் போல இருந்தது. என் கை தன்பாட்டில் எதன் பக்கம் போனது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கையைப் பார்த்தேன். அந்தப் பெருவிரல்தான். இரண்டையும் மூடி, அலுமாரிக்கு மேலே, கதிரை வைத்து ஏறினால்தான் எட்டுகிற இடத்தில் போட்டுவிட்டேன்.

சைக்கிளுக்குக் காற்று அடித்தாயிற்று. நாளைக் காலை போகிறேன் ரீச்சர். நல்ல நேரமோ, கெட்ட நேரமோ, தெரியாது. பார்க்கவில்லை.